கமெண்ட் அண்ணாவும் இருபத்திமூன்றாம் போர்ட்டும்

பெங்களூரில் ஒரு லைப்ரரியோடு சண்டை போட்டு ஜெயித்த ஒரே ஆள் எங்கள் கமெண்ட் அண்ணாதான். புத்தகம் இருக்கிற லைப்ரரி இல்லை. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கை இணைக்கும் நூற்றுக்கணக்கான ஸ்விட்ச், ரூட்டர் பெட்டிகளின் செட்டிங்கைப் படித்து மாற்றுவதற்கு எவரோ எழுதிவைத்த ரெடிமேட் புரோகிராம்.

அண்ணா தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருவார். எதைப் பார்த்தாலும் குறிப்பு எழுதுவார். ஆபீஸ் ஃப்ரிட்ஜில் அவர் டப்பா மேல், 'லெமன் ரைஸ். உப்பு கம்மி. திருடுபவர் புகார் சொல்லக் கூடாது' என்று ஒட்டியிருக்கும். ஸ்விட்ச் செட்டிங்கிலும், எந்த வரி எதற்கு என்று வரிக்கு வரி குறிப்பு, அதாவது கமெண்ட். லைப்ரரியோ படிக்கும்போதே கமெண்டுகளைக் குப்பையாகத் தள்ளிவிடும். அண்ணா கொதித்துப்போனார். கமெண்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படியும், கமெண்ட் உள்ள வரியை யாராவது நீக்கப்போனால் நின்று அதைக் காட்டும்படியும் மாற்றி எழுதினார்.

"உலகமே அப்படியே யூஸ் பண்ணுது, உங்களுக்கு மட்டும் என்னப்பா?" என்றார் மேனேஜர் மேடம், பெங்களூரிலேயே ரிச்சர்ட்ஸ் டவுன்காரர்.

"உலகத்துக்கு நம்ம ஆஸ்பத்திரி ஸ்விட்ச்ச பத்தி இன்னா மேடம் தெரியும்?"

அந்த ஆஸ்பத்திரி எங்கள் கஸ்டமர். நான் அப்போது ப்ரொபேஷனில் இருந்தேன். வேலையை உறுதி செய்யும் கடிதம் கையெழுத்துக்காக மேடம் மேஜையில் கிடந்தது. மேடம் என் பின்னால் வந்து நிற்க, ஆஸ்பத்திரி ஸ்விட்சின் பழைய செட்டிங்கை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்ற, ஸ்டைலாக என்டர் தட்டினேன். திரையில் அண்ணாவின் கமெண்ட் வந்தது:

'நில்லு. இருபத்திமூணாம் போர்ட்ல ஐசியு மானிட்டர் கீது. இந்த வரிய எடுத்தா, பேஷண்ட் பக்கத்துல நீ வந்து உக்காருவியா?'

நான் ஏற்றப்போன புது ஃபைலில், அந்த மானிட்டரின் ஒயர் செருகியிருக்கும் போர்ட்டே இல்லை. விட்டுவிட்டிருக்கிறேன்.

"ஏன் நின்னுடுச்சு?" மேடம் கண்ணாடியைத் தேடினார்.

அதற்குள் அண்ணா நாற்காலியோடு உருண்டு வந்தார். திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், படக்கென்று விண்டோவை மூடினார்.

"நம்ம கோட்ல பக் மேடம். தம்பி கரெக்டாதான் பண்ணான்."

மேடத்துக்கு இது போதாதா? ரெடிமேட் சாமானில் கை வைத்தால் என்ன ஆகும் என்று பத்து நிமிடம் பிரசங்கம். அண்ணா "ஆமா மேடம்" போட்டுக்கொண்டே, மேஜைக்கடியில் என் காலை உதைத்தார். "ஃபைல்ல சேத்துட்டு மறுபடி போடுடா" என்று அர்த்தம். சேர்த்தேன். மானிட்டர் ஒரு நொடிகூட அணையவில்லை. சாயங்காலம் கடிதம் என் கைக்கு வந்தது.

அவர் கோடில் ஒரு பிழையும் இல்லை. பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட புரோகிராமை, எனக்காக மேடம் முன்னால் தப்பானது என்று சொன்னார்.