லப்டொப்பின் வயிற்றில் என் கையெழுத்து

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விசயம்தான். கேட்காமலே யாராவது எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தால், இவருக்கு என்னிடம் என்ன தேவை என்று யோசித்துவிட்டுத்தான் குடிப்பேன். கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை வாசலுக்கு இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் கழற்றி விடுவேன். (ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான்? ஒருநாள் நானே மற்றதைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒற்றைச் செருப்போடு ஆரையம்பதி வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறு கதை.)

ஆனால் நான் சொல்லப்போகும் காலத்தில் சந்தேகம் ஒரு குறையாகவே தெரியவில்லை. சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. பஸ் தரிப்பிடத்தில் ஒரு பை தனியாகக் கிடந்தால் எல்லோரும் விலகி நின்றார்கள். ஒரு மனிதன் தனியாக நின்றாலும் அப்படித்தான். அந்தக் காலத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஆளாக நான் இருந்தேன்.

அப்போதுதான் என் தங்கை தயாளினிக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை பெயர் யோகநாதன். ஊர் பழுகாமம். கல்லடியில் கொம்பியூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை செய்தார். தங்கைக்கு ஆளைப் பிடித்திருந்தது. (படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். பிறகு, சரியாகப் பார்க்கவில்லை என்று திரும்பவும் வாங்கினாள்.) அப்பா இல்லாத வீடு என்பதால் அம்மா என்னைத்தான் கூப்பிட்டார்.

"மனே, பொடியனப் பத்தி நல்லா விசாரி. நீ ஓம் எண்டாத்தான் நான் ஓம் எண்டுவன்."

விசாரி என்று சொல்வது லேசு. அந்த நாளில் ஒரு பொடியனைப் பற்றி, ஆள் எப்படி, யாரோடு பழகுவார், எங்கெல்லாம் போய் வருவார் என்று கேட்டுப் பாருங்கள். கலியாணத்துக்குக் கேட்கிறான் என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள். மண்முனைத் துறையில் படகுக்கு நின்ற ஒருவரிடம் நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணன், நீங்க பழுகாமந்தானே? உங்கட ஊர்ல யோகநாதன் எண்டு..."

"எனக்கு ஒருத்தரையும் தெரியா."

"இல்ல, சும்மா ஒரு விசயமா..."

"தம்பி, எனக்கு என்னையே வடிவாத் தெரியா" என்று சொல்லிவிட்டு அவர் படகில் ஏறினார். அக்கரை சேரும்வரை என் பக்கம் திரும்பவேயில்லை.

ஆகவே விசாரணையை நானே நேரில் நடத்துவதென்று தீர்மானித்தேன். மாப்பிள்ளைக்கு நான் யாரென்று தெரியக்கூடாது. தெரிந்தால் நல்லவராக நடிப்பார்.

அப்போது நான் மட்டக்களப்பு நகரில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் கந்தோரில் உதவியாளன். நேர்முகப் பரீட்சையில் "கொம்பியூட்டர் தெரியுமா?" என்று கேட்டபோது "ஓம்" என்று சொல்லி வேலை எடுத்தவன். (தெரியும் என்பது பொய்யில்லை. பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.) எங்கள் பொறுப்பதிகாரி ரொசலின் மிஸ். அவருடைய லப்டொப்புக்கென்று கொழும்புத் தலைமையகம் ஒரு பெரிய மொனிட்டரையும் டொக்கிங் ஸ்டேசன் என்று ஒரு சாமானையும் அனுப்பியிருந்தது. அது ஒரு பலகாரத் தட்டளவு கறுப்புத் தட்டு. மொனிட்டர், கரண்ட், பிரிண்டர் எல்லா வயர்களும் அதன் முதுகில் செருகியிருக்கும். லப்டொப்பை அதன் மேல் வைத்து அமத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், பெரிய மொனிட்டரில் படம் வந்துவிடும். வந்த நாளிலிருந்து எந்தக் கோளாறும் இல்லாமல் வேலை செய்தது. இதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நான் மிஸ்ஸிடம், லப்டொப்பில் வைரஸ் இருக்கும் போலத் தெரிகிறது, கல்லடியில் காட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். திருத்துகிறவர்கள் உள்ளேயிருக்கும் நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டுவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மாப்பிள்ளை அப்படிப்பட்டவரா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை தேர்தல் கடமைக்குப் போய், வாக்குப் பெட்டிக்குச் சீல் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். வெள்ளை ஸ்டிக்கர் தாளை வெட்டி, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தைப் போட்டு, லப்டொப்பைக் கவிழ்த்து, அதன் வயிற்றில் இருந்த இடுக்குகளிலெல்லாம் ஒட்டினேன். நீளமாக ஒரு துவாரமும் இருந்தது. அது எதற்கென்று எனக்குத் தெரியாது. தெரியாத துவாரத்தைத் திறந்து விடலாமா? அதிலும் பாதிக்கு ஒன்றை ஒட்டினேன்.

யோகநாதன் என்னைக் கண்டதும் கதிரை போட்டார். கேட்காமலே தேநீர் வரவழைத்தார். (அங்கேயே எனக்குப் பொறி தட்டியது.)

"இதென்ன அண்ணன், கையெழுத்தெல்லாம் ஒட்டிக் கிடக்கு?"

"அது ஹெட் ஒபிஸ் சீல். தொடக் கூடாது."

"சரி, தொடயில்ல" என்றார்.

அடுத்த நாள் போனேன். வைரஸ் ஒன்றுமில்லை, லப்டொப் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்தார். பழுதில்லை என்று சொல்கிற திருத்துநரை நான் அதுவரை கண்டதில்லை. சந்தேகம் இரட்டிப்பாகியது.

கந்தோருக்கு வந்து லப்டொப்பைத் தட்டில் வைத்து அமத்தினேன். சார்ஜ் லைட் எரிந்தது. மொனிட்டர் கறுப்பாகவே கிடந்தது. மூலையில் ஒரு செம்மஞ்சள் லைட் மட்டும் மினுங்கியது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. கள்ளன் மாட்டிக்கொண்டான்! லப்டொப்பைக் கவிழ்த்துச் சீல்களைப் பார்த்தேன். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. அப்படியென்றால் இவன் சாதாரணக் கள்ளனில்லை, சீலை உடைக்காமலே சாமான் எடுக்கத் தெரிந்தவன் என்று முடிவு கட்டினேன்.

பிறகு சந்தோசம் குறைந்தது. வயரைக் கழற்றி மாட்டினேன். லப்டொப்பை நிறுத்திப் போட்டேன். தெரிந்த பொத்தான், தெரியாத பொத்தான் எல்லாவற்றையும் அமத்தினேன். மொனிட்டர் வயரை நேரே லப்டொப்பின் பக்கத்தில் செருகினால் படம் வந்தது. தட்டில் வைத்தால் போய்விட்டது. மிஸ் வந்து பின்னால் நின்றார்.

"நாளைக்குக் கொழும்பிலயிருந்து ஆக்கள் வாறாங்க. இந்தப் பெரிய மொனிட்டர்லதான் எல்லாம் காட்டணும். தட்டையும் அவங்கதான் அனுப்பினவங்க. நல்லாக் கிடந்த சாமான், ஏன் கல்லடிக்குக் கொண்டுபோனீங்க எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?"

வீட்டுக்குப் போய்த் தீர்ப்பை வாசித்தேன். "அம்மா, இந்தச் சம்பந்தம் சரிவராது. பொடியன் கள்ளன்."

அம்மா தலையில் கை வைத்தார். தயா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அழவில்லை. "என்னத்த எடுத்தவர் அண்ணன்?" என்று மட்டும் கேட்டாள்.

"அதுதான் தெரியா."

"எப்பிடி எடுத்தவர்?"

"அதுவும் தெரியா."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்று அந்த வீட்டில் நான் ஒருவன்தான் சாப்பிட்டேன்.

காலையில் லப்டொப், தட்டு, மொனிட்டர் எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பவும் கல்லடிக்குப் போனேன். யோகநாதன் எங்கள் தட்டில் அதே வகையான வேறொரு லப்டொப்பை வைத்தார். மொனிட்டரில் படம் வந்தது. எங்கள் லப்டொப்பை மட்டும் நான் அவர் கையில் கொடுக்கவில்லை. நானே வைத்தேன், நானே எடுத்தேன். படம் வரவில்லை.

"தட்டும் நல்லம், மொனிட்டரும் நல்லம். லப்டொப்பத் திருப்பி அடிப்பக்கத்த ஒருக்காக் காட்டுங்களன்."

"ஏலா. ஹெட் ஒபிஸ் சீல்."

அவர் மொனிட்டர் வயரைக் கழற்றிச் சுற்றினார். "அப்ப நானும் கந்தோருக்கு வாறன். அங்க வச்சுப் பாப்பம்" என்று ஓட்டோவில் ஏறினார். மொனிட்டரை அவர் மடியில் வைத்துக்கொண்டார். லப்டொப் என் நெஞ்சோடு இருந்தது.

பாலத்தடிச் சென்றியில், அதுதான் ஆமியின் சோதனைச் சாவடியில், மற்ற நேரமெல்லாம் விட்டவர்கள் அன்று மறித்தார்கள். ஆமிக்காரர் மொனிட்டரைப் பார்த்தார். தட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு லப்டொப்பை வாங்கிக் கவிழ்த்தார். அதன் வயிற்றில் தமிழில் வரிசையாகக் கையெழுத்துகள். அவர் முகம் மாறியது. சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்கு அப்போது சிங்களம் துப்புரவாகத் தெரியாது. யோகநாதன் கொழும்பில் வேலை பழகியவர், அவருக்குத் தெரியும்.

"இதென்னெண்டு கேக்கிறார்."

"ஹெட் ஒபிஸ் சீல் எண்டு சொல்லுங்க."

அவர் சொன்னார். ஆமிக்காரர் என் அடையாள அட்டையை வாங்கினார். அட்டையில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். லப்டொப்பைப் பார்த்தார். திரும்பவும் அட்டையைப் பார்த்தார். (என் கையெழுத்து லேசில் மறக்கக்கூடியதல்ல. முடிவில் ஒரு சுழியும் அடியில் இரண்டு புள்ளியும் இருக்கும்.)

"உங்கட கையெழுத்தாமே" என்றார் யோகநாதன் மெதுவாக. "பொய் சொல்லாம ஏன் ஒட்டின எண்டு சொல்லட்டாம்."

சென்றியில் பொய் சொல்லி மாட்டினவர்களின் கதை எல்லோருக்கும் தெரிந்த காலம். உண்மையைச் சொன்னால்தான் தப்பலாம். ஆனால் உண்மையை முதலில் யோகநாதனிடமல்லவா சொல்ல வேண்டும்?

"நீங்க... உள்ளுக்குள்ள இருக்கிற சாமானக் கழட்டிருவீங்களோ எண்டு... ஒரு பயத்துல ஒட்டினன்."

யோகநாதன் ஆமிக்காரரிடம் திரும்பி விளக்கமாகச் சொன்னார். அதில் 'ஹொரா' என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. கள்ளன். அதைச் சொல்லும்போது தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஆமிக்காரர் சிரிக்கவில்லை. நீளத் துவாரத்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் உரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீழே போட்டார். மற்றவற்றையும் உரித்தார். பிறகு என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தே இரண்டு சொல் கேட்டார்.

நான் யோகநாதனைப் பார்த்தேன். அவர் முகம் கல்லாக இருந்தது.

"இவ்வளவு சந்தேகம் எண்டா, தங்கச்சிய இந்த மாப்பிள்ளைக்குத் தாறதா இல்லையா எண்டு கேக்கிறார்."

இந்த ஆமிக்காரருக்கு என் தங்கச்சியை எப்படித் தெரியும் என்று யோசிக்க எனக்கு அப்போது புத்தி இருக்கவில்லை. அட்டை அந்த மனிதரின் கையில் இருந்தது.

"ஓம், தாறம்! தாறம் எண்டு சொல்லுங்க!" என்று கத்தினேன்.

யோகநாதன் ஒரே வரியில் ஏதோ சொன்னார். அட்டை திரும்பக் கிடைத்தது.

கந்தோரில் லப்டொப்பைத் தட்டில் வைத்து அவரே அமத்தினார். 'டக்' என்றது. மொனிட்டரில் படம் வந்தது. அந்த நீளத் துவாரத்தால்தான் தட்டும் லப்டொப்பும் பேசிக்கொள்ளுமாம். சார்ஜ் போகும் முனை திறந்திருக்க, படம் போகும் முனையை என் கையெழுத்து அடைத்திருக்கிறது. மிஸ் கைதட்டினார். நான் மேசைக்கடியில் வயர் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் இருந்தேன்.

கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் யாரென்று அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டதாம், படத்தில் பார்த்த தயாவின் மூக்கு எனக்கும் இருப்பதால். அந்த ஆமிக்காரர் எதற்கு என் தங்கையின் கலியாணத்தில் இத்தனை அக்கறைப்பட்டார் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, அரசாங்க வேலைக்காகச் சிங்களம் படிக்கப் போனேன். முதல் வகுப்பில் மாஸ்டர் பலகையைக் காட்டி வாசித்தார்: "கொஹேத யன்னே?" பாலத்தடியில் கேட்ட அதே இரண்டு சொல்! மாஸ்டர் அர்த்தம் சொன்னார்: "எங்கே போகிறீர்கள்?"

வகுப்பை விட்டு நேரே வீட்டுக்கு வந்தேன். மச்சான் முற்றத்தில் மகளுக்குச் சைக்கிள் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு அந்த ஆமிக்காரன் கேட்டது எங்க போறீங்க எண்டுதானே?"

"ஓம் மச்சான். கந்தோருக்கு எண்டு சொன்னன்."

"அப்ப தங்கச்சி விசயம்?"

"அது நான் கேட்டது."

உள்ளேயிருந்து தயா சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மாவும் சிரித்தார். அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் அது கலியாணத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

இப்போது நான் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வாசல் படலையடிக்குப் போனால் போதும், மருமகள் பின்னாலிருந்து "மாமா, கொஹேத யன்னே?" என்று கத்துவாள். நான் வாய் திறப்பதற்குள் வீடே ஒன்றாகப் பதில் சொல்லும்:

"ஓம், தாறம்!"