பியானோ துடைத்த மேதை

பியானோ மேதை என்றோர் இனம் இருக்கிறது, வாசகர்களே. பியானோ வாசிப்பவர்களோடு இந்த இனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாசிப்பவர்கள் பாவம், பழகிப் பழகியே முதுகு வளைந்து போவார்கள். மேதைக்கு அந்தக் கரைச்சல் இல்லை. வாசிப்பதைத் தவிர மற்ற எல்லாம் அவருக்குத் தெரியும்.

இத்தாலியின் பலெர்மோவில் இந்த இனம் லிபெர்த்தா என்ற பணக்கார வீதிப் பக்கத்து வரவேற்பறைகளில் விளைகிறது. அங்கே வீட்டு வேலைக்குப் போன, எமிலியானாவின் கணவர் வலன்ரைனும் அப்படித்தான் விளைந்தார். அவர் பியானோவைத் துடைக்கத் துடைக்க, வீட்டு எசமானியான சிஞ்ஞோரா பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: வசதியான வீடுகளிலெல்லாம் பியானோ ஏறிய காலம், லிஸ்ட் என்ற பியானோக்காரர் போன்ற சூரர்கள் முகவெட்டுத் தெரியப் பக்கவாட்டில் உட்கார்ந்து தந்தி அறுபட வாசித்த காலம், அவர்கள் கழற்றிப்போட்ட கையுறைக்குச் சீமாட்டிகள் அடிபட்டு மயங்கிய காலம். பிறகு சிஞ்ஞோரா மகளோடு மிலானோவுக்குப் போனார். அவர் வலன்ரைனுக்கென்று விட்டுப்போன பியானோ எமிலியானாவின் நாலாம் மாடி வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேசை வெளியே போனது.

"அப்ப இனி எங்கை வைச்சுச் சாப்பிடுறது?" என்றார் எமிலியானா.

"மடியிலை வையும். இதிலை தேத்தண்ணிக் கோப்பைகூட வைக்கப்படாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலை..."

"பத்தொன்பதாம் நூற்றாண்டு வந்து கோப்பை கழுவுமே?"

கழுவவில்லை. வலன்ரைனின் தலைமுடிதான் தோள்வரை இறங்கியது. ஜூலை வெயிலிலும் கையுறை ஏறியது. பிறந்தநாள் வீட்டில் ஒரு பிள்ளை கீபோர்டில் எதையாவது தட்டினால் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வேகம் இருக்கு, ஆத்மா இல்லை" என்பார். பிள்ளை அழும். தகப்பன் நன்றி சொல்வார். நீங்களே ஒருக்கா வாசியுங்கோவன் என்று கேட்டால், சிரோக்கோ வெக்கைக் காற்றில் வீட்டுப் பியானோவின் மரம் ஊதிவிட்டது என்பார். காற்றோடு யார் வாதாட முடியும்?

கோயில் திருநாள் வந்தது. பாடற்குழுவுக்கு வாசிக்கும் அமலினிக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். குழுத்தலைவர் கொட்வின் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"வலன்ரைன் அண்ணை, இண்டைக்கு நீங்கள்தான். மண்டபத்திலை பியானோ நிக்குது. காத்தும் இல்லை."

எமிலியானா குசினியிலிருந்து ஓடி வந்தார். மன்னார், யாழ்ப்பாணம், தீவுப்பகுதி என்று பலெர்மோவிலிருக்கும் எங்கள் சனம் முழுக்க அங்கே இருக்கும். இன்றைக்குச் சிரித்தார்களென்றால் இனி எந்த ஞானஸ்நான வீட்டிலும் தலை நிமிர்த்த முடியாது.

"ஏலாதெண்டு சொல்லுங்கோப்பா," என்று கிசுகிசுத்தார்.

மேதை கொட்வினைப் பார்த்தார். "பியானோவைப் பக்கவாட்டிலை திருப்பி வையும்."

மண்டபம் நிறைந்தது. வலன்ரைன் நடந்து வந்து, கையுறைகளைக் கழற்றி, ஒன்றை வேண்டுமென்றே நிலத்தில் விழுத்தினார். முன்வரிசையில் இருந்த பேனாட் மாஸ்டர் அதைப் பணிவாக எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். நூற்றாண்டு தெரியாத மனிதர்! மேதை கதிரையை உயர்த்தினார், தாழ்த்தினார், மறுபடி உயர்த்தினார். பிறகு கூரையைப் பார்த்தார். பாடற்குழு சுருதிக்காகக் காத்து நின்றது. ஒரு குழந்தை விக்கியது. எமிலியானா செபமாலையைப் பிடித்தபடி, கரண்ட் போகட்டும் தாயே என்று மாதாவிடம் மன்றாடினார். பியானோவுக்குக் கரண்ட் எதற்கு?

கைகள் தலைக்கு மேலே எழுந்தன. பத்து விரல்களும் ஒன்றாக, கிணற்றில் பாறாங்கல் விழுந்ததுபோல் விழுந்தன. பியானோ அலறியது. உள்ளே ஒரு தந்தி அறுந்தது. இதுதான் சுருதியாக்கும் என்று நினைத்த பாடற்குழு, அந்த அலறலின் உச்சியைப் பிடித்துப் பாடத் தொடங்கிவிட்டது. ஏறினார்கள், ஏறினார்கள், மூன்றாம் வரியில் குழுவில் பாடிய ரதியக்கா மூச்சு முட்டி மயங்கி விழுந்தார்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

"உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு," என்றார் ரதியக்கா, முகத்தில் தெளித்த தண்ணீரைத் துடைத்தபடி. பிள்ளைகளுக்குப் பழக்கித் தரவேண்டும் என்று தாய்மார் வலன்ரைனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பேனாட் மாஸ்டர் எமிலியானாவிடம் வந்தார். "பிள்ளை, வீட்டிலை நாள் முழுக்க வாசிப்பாரோ?"

ஒரு சொல் போதும், எல்லாம் சரிந்துவிடும். எமிலியானா கணவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"ஓம் மாஸ்டர். எங்களுக்கு நித்திரையே இல்லை." கொஞ்சம் யோசித்து, "எனக்கும் பழக்கித் தந்திருக்கிறார்," என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாளைக்கு இந்தச் சம்பவத்தை இன்னொருவருக்குச் சொல்லும்போது, 'நானும் அன்றைக்கு முன்வரிசையில்தான் இருந்தேன்' என்று சேர்க்காமல் உங்களால் இருக்க முடியுமா?