குரலுக்கு இரங்கல் கூட்டம்

குழாய்க்காரர் முதலில் அழுதாரா, அவர் கையிலிருந்த போன் முதலில் விழுந்ததா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனால் குரல்காரி சொன்னது இவ்வளவுதான்.

"சமையலறைக் குழாய் ஒழுகுதுங்க. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

மறுமுனையில் ஒரு விசும்பல். பிறகு ஒன்றுமில்லை.

அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் கார் விபத்தில் இறந்துபோன நடிகையின் வீட்டு வாசலில் ஊரே திரண்டிருந்தது. முப்பது வயதுகூட ஆகாதவள். படத்துக்குக் கீழே எழுத்துகள் ஓடின: 'அந்தக் குரலை இனி என்று கேட்போம்?'

அந்தக் குரல் சமையலறையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தது.

நடிகையின் எல்லாப் படத்துக்கும் டப்பிங் பேசியவள் குரல்காரிதான். நடிகையை நேரில் பார்த்ததில்லை. பேட்டியே கொடுக்காமல் சிரித்துவிட்டுப் போகும் அந்த முகத்துக்கு இருட்டறையில் நின்று பேசிவிட்டு வருவாள். வெளியே மூச்சுவிடுவதில்லை என்று தயாரிப்பாளருக்குக் கையெழுத்தும் போட்டிருந்தாள். கடைசிப் படத்துக்கு இன்னும் பேசி முடிக்கவில்லை.

"செத்தது அவ. என் குரலை ஏங்க அடக்கம் பண்றாங்க?" என்றாள் கணவனிடம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவன், எதையும் இரண்டு முறை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். "கொஞ்ச நாள் வெளியே பேசாம இரு."

பேசாமல் மருந்து வாங்க முடியுமா? மருந்துக்கடையில், "தலைவலி மாத்திரை" என்று கேட்டதுதான் தாமதம், வரிசையில் நின்ற ஓர் அம்மாள் திரும்பினாள்.

"செத்தவளைப் போல பேசிக் காட்டுறியே, வெக்கமா இல்ல?"

"இல்லம்மா, என் குரலே..."

"மறுபடியும் பண்றா பாரு."

குரல்காரி மாத்திரை இல்லாமலே வீடு வந்து சேர்ந்தாள்.

"கரகரன்னு பேசிப் பாரேன்," என்றான் கணவன். பேசினாள். சாயங்காலத்துக்குள் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது. ஸ்டுடியோவிலிருந்து ஒலிப்பதிவாளர் அலறினார். "கிளைமாக்ஸ் பாக்கி இருக்கும்மா. யாரைக் கேட்டு தொண்டையைக் கெடுத்துக்கிட்டீங்க?" டாக்டர் ஒரு வாரம் வாயே திறக்கக்கூடாது என்றார்.

அவள் கைஜாடையில் இறங்கினாள். அங்கேதான் விஷயம் கைமீறியது. கீழ்வீட்டம்மா அந்த ஜாடைகளை உற்றுப் பார்த்து, தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"மௌன விரதமா? அந்தப் பொண்ணுக்காகவா? தெய்வமே, என் தலைக்கு மேல இப்படி ஒரு மனசா."

மறுநாள் ரசிகர் மன்றச் செயலாளர் வந்துவிட்டார். பஸ் டிரைவரான அவர், சீருடையிலேயே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாங்கல்லாம் வாய் கிழிய அழுதோம். நீங்கதான் உண்மையான ரசிகை. இரங்கல் கூட்டத்துல மேடையில உக்காரணும்."

குரல்காரி இரண்டு கையையும் ஆட்டி மறுத்தாள்.

"தன்னடக்கம் பாருங்க," என்றாள் கீழ்வீட்டம்மா.

ஒரு வாரம் கழித்து, மண்டபம் பிதுங்கியது. முன்வரிசை நடுவில் நடிகையின் தாய், அழாமல், எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். செயலாளர் மைக்கைப் பிடித்தார். "அக்கா விரதத்தை இங்கேயே முடிச்சுக்குவாங்க."

மைக் அவள் வாயருகே வந்துவிட்டது. அவள் கணவனைத் தேடினாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாருக்கும் வணக்கம்."

மண்டபம் எழுந்து நின்றது. யாரோ மயங்கி விழுந்தார்கள். "மிமிக்ரிக்காரியை இறக்குங்கடா" என்று பின்னாலிருந்து சத்தம். ஒரு நாற்காலி பறந்தது.

குரல்காரிக்கு, இப்போது வாயை மூடினால் இனி எப்போதுமே திறக்க முடியாது என்று தோன்றியது.

"யாரையும் பேசிக் காட்டலை. இது என் குரல். எல்லாப் படத்துலயும் நான்தான் பேசினேன்."

நடிகையின் தாய் எழுந்து மேடையேறினார். செத்த மகளிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிவிட்டோமே என்று குரல்காரி தலைகுனிந்து, கன்னத்தில் அறை விழக் காத்திருந்தாள். அந்த அம்மா அவள் காதருகே ஏதோ சொன்னார்.

பிறகு நடந்தவை எல்லோரும் அறிந்தவை. தயாரிப்பாளர் வேறு வழியின்றிப் படத்தில் அவள் பெயரைப் போட்டார். மன்றம் முகத்துக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என இரண்டாக உடைந்தது. குரல் மன்றத்துக்குக் கீழ்வீட்டம்மா தலைவி. குழாய்க்காரர் வந்து, அவள் பேசாதிருக்கும்படி கேட்டுக்கொண்டு, குழாயைச் சரிசெய்தார்.

அந்தத் தாய் மேடையில் சொன்னதைக் குரல்காரி வெகுநாள் கழித்துத்தான் கணவனிடம் சொன்னாள்.

"எம் பொண்ணுக்குப் பொறந்ததுலேருந்தே பேச்சு வராதும்மா. எங்கே, 'அம்மா'ன்னு ஒரு தடவை கூப்பிடு."