இப்போது பிரதமர் யார்?

“இப்போ இங்க பிரதமர் யாருங்க?” என்று டாக்டர் ஸ்ரீநாத் கேட்டபோது பிஜேந்திரா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

கை அப்படியே நின்றது. தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த நாளிலிருந்து, வேறு தீவில் இருக்கும் லம்பாசாவில் யாருக்கும் அந்த விஷயம் சரியாகத் தெரியாது.

“காலையில யாருன்னு கேக்கறீங்களா, இப்பவா?”

டாக்டர் பெருமூச்சு விட்டார். நியூசிலாந்து விசாவுக்கான மருத்துவச் சான்றிதழை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

“புத்தி சரியா இருக்கான்னு பாக்கத்தான் அப்படிக் கேப்பாங்க. மூளைப் பரீட்சையில கோட்டை விட்டுட்டீங்க” என்றாள் மனைவி ப்ரேமிலா, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள்.

அவள் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. ஊரின் நசியா பகுதியில் இருந்த வீட்டை விற்றாகிவிட்டது. மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். கட்டில் போய்விட்டது, ஃபிரிட்ஜ் பக்கத்து வீட்டு ருக்மணியிடம் போய்விட்டது. சான்றிதழ் இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் இருவரும் தெருவில்தான்.

ஆக்லாந்திலிருந்து மகள் நிகிதா போனில் ஆறுதல் சொன்னாள். மூளையும் ஒரு தசைதானாம், பழக்கினால் வலுக்குமாம். வலது கையால் செய்வதையெல்லாம் இடது கையால் செய்ய வேண்டும், எண்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும், தினமும் கொஞ்ச தூரம் பின்னோக்கி நடக்க வேண்டும்.

மறுநாள் காலை பிஜேந்திரா இடது கையால் பல் துலக்கினார். பிரஷ் ஈறில் குத்திற்று. மத்தியானத்துக்குள் ஒரு பக்கத்து உதடு வீங்கி வாய் கோணிக்கொண்டது.

மறதியில் வலது கை முன்னால் போய்விடுகிறது என்று ப்ரேமிலா அதை ஒரு துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். சோறு மடியில் விழுந்தது. நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே அவர் அதைப் பொறுக்கினார். வேலிக்கு அப்பால் நின்ற ருக்மணி, ஃபிரிட்ஜைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பின்னோக்கி நடக்கப் போனார். கடைத்தெரு முனையில் ராணுவம் தடுப்புக் கட்டை போட்டிருப்பது அவர் முதுகுக்குத் தெரியவில்லை. இடித்துக்கொண்டு நின்றார்.

சிப்பாய் பொறுமையானவன். ஏன் இப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டான்.

“நியூசிலாந்து போறதுக்கு” என்றார் பிஜேந்திரா, கோணிய வாயால்.

சிப்பாய் சற்று யோசித்தான். துறைமுகம் அந்தப் பக்கம் என்று துப்பாக்கியாலேயே வழி காட்டினான்.

அதன் பிறகு வீட்டில் ரேடியோ ஓயவில்லை. செய்திக்குச் செய்தி ப்ரேமிலா அவரைக் கேள்வி கேட்டாள். அவர் ஒரு பெயரை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் சுவாவில் வேறொருவர் பதவிப் பிரமாணம் எடுத்தார். தூக்கத்தில்கூட அவர் மந்திரி சபையை அமைத்துக் கலைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கைக்கட்டை அவிழ்த்தார்கள். கை மரத்துப்போய்த் தொங்கியது. பழக்க தோஷத்தில் பிஜேந்திரா டாக்டர் அறைக்குள் பின்னோக்கி நுழைந்து, எடை பார்க்கும் மெஷின் மேல் உட்கார்ந்தார்.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். “என்னங்க ஆச்சு?”

பிஜேந்திரா காத்திருக்கவில்லை. கேள்வி வருவதற்கு முன்பே பதிலைத் தொடங்கினார். இன்று காலைப் பிரதமரிலிருந்து புறப்பட்டு, நேற்றுப் பதவியேற்றவர், அதற்கு முன் நீக்கப்பட்டவர், ராணுவத் தளபதி என்று ஒருவரையும் விடாமல் பின்னாலேயே போனார். வெள்ளைக்கார கவர்னர்களையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தபோது டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்தார்.

வலது கையைத் தூக்கச் சொன்னார். அது தூக்கிய உயரத்தில் நிற்காமல் விழுந்தது.

“வாய் கோணியிருக்கு, பேச்சு குழறுது, ஒரு கை விளங்கல” என்று அவர் ப்ரேமிலாவிடம் மெதுவாகச் சொன்னார். “பக்கவாதம் மாதிரி தெரியுதும்மா. உடனே சுவாவுக்கு அனுப்பணும். இந்த நிலைமையில விசாவுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது.” இழுப்பறையைத் திறந்தார். ஒரு காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வெளியே ஓடினார்.

ப்ரேமிலா பல் பிரஷ், துண்டு, நடை எல்லாவற்றையும் அங்கிருந்த நர்ஸ் மெரேயிடம் ஒரே மூச்சில் கொட்டினாள்.

மெரே கையில் எக்ஸ்ரே உறையோடு நின்றாள். கிழிந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“நீங்க வந்த செவ்வாய்க்கிழமையே கையெழுத்துப் போட்டு வச்சிருந்தாரே ஆன்ட்டி” என்றாள். “அங்கிளோட இந்த எக்ஸ்ரே வரத்தான் காத்திருந்தோம்.”

“அப்போ பிரதமர் யாருன்னு கேட்டது?”

“அதை அவர் வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறாரு. டாக்டர் வெளிநாட்டுக்காரர், இங்க அவரோட வேலை பெர்மிட் முடியப் போகுது, யாருக்கு மனு எழுதறதுன்னு பாவம் அவருக்குத் தெரியல.”