வாய்க்கால் மதிலுக்கு வெளியே

நற்பிட்டிமுனை,
வெள்ளிக்கிழமை.

அன்பின் மச்சான் நளீருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் வீட்டுக்காரியான உங்கள் ராத்தாவும் சுகம். டோஹா வெயிலில் நீங்களும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறோம். இம்முறை வேளாண்மைக்குக் குறைவில்லை. விழுந்தது என் கோட்டை மட்டும்தான்.

ஓய்வுபெற்றவருக்குப் பொழுது போகட்டும் என்று நீங்கள் அனுப்பிய டெப்லட்டில் கோட்டை கட்டிப் போரிடும் விளையாட்டை ஏற்றித் தந்தீர்களல்லவா, அதை ஆடும் நம் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. இருநூற்றுப் பதினான்கு பேர். போன மாதம் வந்த அப்டேட்டில் வில்லாளர்களின் அம்பு பாயும் தூரத்தைக் குறைத்துவிட்டார்கள். குழுவில் உடனே விமர்சனம் பொங்கியது. ஸிராஜ் என்பவர் "குப்பை" என்று எழுதிவிட்டு அன்று மட்டும் ஒன்பது மணித்தியாலம் அதையே ஆடினார். போன் கடை ஸஹீத் மிக நீளமாக எழுதியிருந்தார். விசாரித்தால், மனிதர் அந்த விளையாட்டைத் தன் போனில் இன்னும் டவுன்லோட் செய்யவே இல்லையாம். எனக்கு மனம் பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாய்க்கால் பார்த்த உத்தியோகத்தன், அறிக்கை எழுதத் தெரியாதா? அந்தக் கிழமை நான் தோற்ற சண்டைக்கு வில்லாளர்களே காரணம் என்று, கோட்டையின் வரைபடத்தோடு நான்கு பக்கம் எழுதிப் போட்டேன். அரை நிமிடத்தில் நாற்பத்தேழு இதயம், "மாஸ் சேர்" என்ற பாராட்டு. நான்கு பக்கத்தை அரை நிமிடத்தில் எப்படி வாசித்தார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கதிர்காமன் மட்டும் இதயம் போடவில்லை. கல்முனையில் மீனவர் சங்கச் செயலாளராக இருந்தவர், விளையாட்டில் என் கூட்டாளி, தினமும் சந்தையடியில் என்னோடு பிளேன்டீ குடிப்பவர். அவர் எழுதினார்: "சேர், நாலு பக்கமும் வாசிச்சன். பிழை வில்லாளில இல்ல. வாய்க்காலை மதிலுக்கு வெளியால வெட்டியிருக்கீங்க. எதிரி அதை அடைச்சா மூணு நாளையில சனம் தாகத்தில சரணடையும்."

எனக்கு! வாய்க்காலில்! "முதல்ல நீங்க ஒரு கேம் செஞ்சு காட்டுங்க" என்று பதில் போட்டேன். பொறாமைக்காரன் என்று நாற்பத்தேழு பேரும் சேர்ந்து அவரைப் பிய்த்தார்கள். அவர் குழுவைவிட்டு விலகிவிட்டார். பத்தொன்பது நாள் நான் சந்தையடிப் பக்கம் போகவில்லை. பிளேன்டீயை வீட்டிலேயே குடித்தேன். உங்கள் ராத்தா போட்டதுதான், ஆனாலும் இறங்கவில்லை.

இருபதாம் நாள் ஒலுவில் ஊர்க்காரர்களின் அணி என் கோட்டைமேல் படையெடுத்து வந்தது. அம்பு ஒன்றுகூட விடவில்லை, மச்சான். வாய்க்காலை மண்போட்டு அடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் என் குடிமக்களே கதவைத் திறந்துவிட்டார்கள். குழு எனக்கு ஆறுதல் சொன்னது: கேம் குப்பையாம்.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கதிர்காமன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி மீனாம்பிகை கதிரை எடுத்துப் போட்டார். நான் வரும் வழியில் யோசித்து வைத்த பேச்சை எல்லாம் மறந்து, "வாய்க்கால் வெளியாலதான் போயிருக்கு" என்று மட்டும் சொன்னேன். கதிர்காமன் சிரிக்கவில்லை.

"உங்கட கோட்டையைப் போல ஒண்டைக் கட்டி, ஏழு தரம் நானே அடிச்சுப் பாத்துப்போட்டுத்தான் சேர் எழுதினன்," என்றார். "நல்லா இருக்கு எண்டு போடுறதுக்கு ஒரு செக்கன் போதும்."

தலையை நிமிர்த்த முடியவில்லை. என் தோல்விக்காக ஒரு மனிதர் ஏழு தடவை மினக்கெட்டிருக்கிறார். அன்றே இருவரும் வாய்க்காலை மதிலுக்குள்ளே வெட்டினோம். அவர் குழுவுக்கும் திரும்பி வந்தார். எதையும் ஆடிப் பார்த்துவிட்டே குறை சொல்ல வேண்டும், காரணத்தோடு சொல்ல வேண்டும், சொல்பவரைப் பகைக்கக் கூடாது என்றெல்லாம் ஏழு விதி எழுதி நேற்றுக் குழுவில் போட்டிருக்கிறேன்.

உங்கள் உழைப்பிலும் உடலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம்.

இப்படிக்கு,
மச்சான் அப்துல் ஸமட்

பி.கு.: விதிகளைப் பார்த்து என்னைக் குழுவுக்கு அட்மின் ஆக்கியிருக்கிறார்கள். சற்று முன் கதிர்காமன், இரண்டாம் விதியும் ஐந்தாம் விதியும் ஒன்றுக்கொன்று முரண் என்று எழுதியிருந்தார். சரிபார்த்தேன், முரண்தான். அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன்.