ஹோர்ன் அண்ணனின் தப்பியோடிய கைதி

கமரா கிடைப்பதற்கு முன்பே படப்பிடிப்பைத் தொடங்கிய இயக்குநர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஹோர்ன் அண்ணன். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது தொழில். அதனால் வந்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருந்தது.

கதை இதுதான். சிறையிலிருந்து தப்பிய கைதியை மூன்று பொலிஸ்காரர் துரத்திப் பிடிக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் நான். கைதி, முச்சக்கர வண்டியில் வீதி வீதியாகப் பேக்கரிப் பாண் விற்கும் குண்டு மணி. கமரா, கடைசியில் கிடைத்த அண்ணனின் மருமகனின் கைபேசி.

பொலிஸ் ஜீப்பாக நடித்ததும் மணியின் பாண் வண்டிதான். பாண் வருகிறது என்று ஊருக்கு அறிவிக்கும் அதன் பாட்டை நிறுத்தும் பொத்தான் பழுது. கைதியைத் துரத்தி நாங்கள் பாய்ந்து வர, பாட்டைக் கேட்டு வீட்டுக்கு வீடு சனம் பையோடு வெளியே வந்து மறித்தது. காக்கி உடுப்போடு இறங்கி நான் பாணும் பணிஸும் எடுத்துக் கொடுத்தேன்.

உச்சக்காட்சி பனிச்சங்கேணி வாவிக்கரையில். மணி வாவியில் குதித்து நீந்தி அக்கரையில் ஏற வேண்டும். நாங்கள் தோணியில் போய்ப் பிடிக்க வேண்டும். ஏறிய மணி களைப்பில் முதல் கண்ட வீட்டுக்குள் ஓடிவிட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓர் அக்கா வாசல் படலையை மறித்து நின்று, இங்கே யாரும் வரவில்லை என்றார். அவருக்குப் பின்னால் ஈரக் காலடிகள் குசினிவரை போயிருந்தன. உள்ளே மணி இன்னும் கொஞ்சம் நண்டுக்கறி கேட்டுக்கொண்டிருந்தான்.

இது படம் என்று ஹோர்ன் அண்ணன் கைபேசியைக் காட்டி விளக்கினார்.

"இப்பிடி உடுப்போட வந்தாக்கள் எல்லாரும் ஒவ்வொரு கதை சொல்லித்தான் வந்தவங்க," என்றார் அக்கா. "விசாரிச்சிட்டு விடுறம் எண்டுதான் என்ட தம்பியையும் கூட்டிட்டுப் போனவங்க. இந்தப் புள்ளைய நான் தரமாட்டன்."

மணி எச்சில் கையோடு வந்து, இவர்கள் என் கூட்டாளிமார்தான் என்றான். அக்கா நம்பவில்லை. பயத்தில் சொல்கிறான் என்று நினைத்து, உள்ளே போய்ச் சாப்பிடச் சொன்னார்.

ஹோர்ன் அண்ணன் எங்களைப் பார்த்து, சட்டையைக் கழற்றச் சொன்னார். மூன்று பொலிஸ்காரரும் பனியனோடு நின்றோம். அதன்பிறகுதான் படலை திறந்தது. எங்களுக்கும் சோறு போட்டார்.

திரும்பும்போது, கைதியை எப்போது பிடிப்பது என்று ஹோர்ன் அண்ணனைக் கேட்டேன்.

"பிடிபடல்ல. தப்பிட்டான்."

இவ்வளவு துரத்தியும் பிடிக்காத படத்தை யார் பார்ப்பார்கள் என்றேன்.

"அவ ஒராள் பார்த்தாப் போதும்டா."

அந்த அக்காவின் முற்றத்தில்தான் படத்தை முதலில் போட்டோம். ஹோர்ன் அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.