பட்டையா, பொறுக்கா? மச்சானுக்கு ஒரு முடிவான பதில்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தலைவணங்கி எழுதுவது. (நான் தலை வணங்கினால் எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்பதைச் சமீபத்தில்தான் அறிந்தேன். அதனால் கடிதத்தில் வணங்குவதே எனக்கு வசதி.) இங்கு நாங்கள் மூவரும் நலம். இத்தனை வருடங்களாக நலம் என்று மரியாதைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை சோதித்துப் பார்த்து எழுதுகிறேன். தங்கள் நலமும், அக்காவின் முழங்கால் நலமும், பிள்ளைகளின் படிப்பு நலமும் அறிய ஆவல்.

போன வாரம் நீங்கள் போனில், "மாப்ளே, முடி நடுறதுல ரெண்டு முறை இருக்காமே, எது நல்லதுன்னு சொல்லுங்க, நானும் அதையே பண்ணிக்கிறேன்" என்று கேட்டீர்கள். நான் "எழுதுறேன் மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது மரியாதைக் குறைவு அல்ல. அப்போது நான் முடியைப் பற்றிப் பேசும் நிலையில் இல்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் உங்கள் தங்கையைத் தவிர யாரும் குறுக்கே பேச முடியாது. அவளும் கடைக்குப் போயிருக்கிறாள்.

எல்லாம் ஒரு கேமராவால் வந்தது. பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைப் பழுது பார்த்து, உள்ளே கேமராவும் பொருத்திவிட்டு, அதுவரை பதிவான படத்தை ஓட்டிப் பார்க்க வாட்ச்மேன் அறைக்கு வந்தேன். திரையில் ஒரு பெரியவர் லிஃப்டுக்குள் நிற்கிறார். மேலிருந்து பார்க்கையில் தலையின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெட்டவெளி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலை நடக்கிற லிஃப்ட்ல யாருய்யா இந்தப் பெரியவரை ஏத்துனது?" என்று கத்தினேன். வாட்ச்மேன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "அந்த டூல் பெட்டி உங்களோடதுதானே சார்?" என்றார். கேட்டுவிட்டு எனக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தார், நல்ல மனிதர். எனக்கு நாற்பத்தேழு வயது மச்சான். கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் பார்த்து, இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

மறுநாளே ஒரு டாக்டரிடம் போனேன். அவர் மேசைமேல் இருந்த பொம்மைத் தலையைத் திருப்பிவைத்து, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை விரல் அகலத்துக்கு முடியோடு தோலைப் பட்டையாக எடுத்து, அந்த இடத்தை இழுத்துத் தைத்துவிட்டு, பட்டையில் உள்ள முடியைப் பிரித்து வழுக்கையில் நடுவதாகச் சொன்னார். பின்னால் கோடு மாதிரி தழும்பு இருக்கும், முடி வளர்ந்தால் மறைந்துவிடும், மொட்டை அடிக்க வேண்டியதில்லை. "இழுத்துத் தைச்சா நெத்திச் சுருக்கமும் போயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன். "அது வேற டாக்டர்" என்றார். வேறு டாக்டரிடம் போனேன். அது ஒரு அம்மா. அவர், பட்டையெல்லாம் எடுக்க மாட்டேன், ஊசி மாதிரி ஒரு கருவியால் வேரோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து நடுவேன், இரண்டாயிரம் எடுக்க ஒரு பகல் முழுவதும் ஆகும், தழும்பு புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும், ஆனால் தலையை முழுக்க மழிக்க வேண்டும் என்றார். கடைசியாக, "நட்ட முடியெல்லாம் ஒரு மாசத்துல கொட்டிடும், பயப்படாதீங்க" என்றார். "கொட்டுறதுக்கா நடுறீங்க? அதை நானே செலவில்லாம பண்ணிட்டிருக்கேனே!" என்றேன். வேர் உள்ளே இருக்கும், நாலு மாதத்தில் புதிதாக முளைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். எனக்கு இரண்டுமே புரிந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் ஆட்களை மேல்தளத்துக்கு ஏற்றிவிடும் வேலை, என் தொழில்தான். ஒருவர் கும்பலாக ஏற்றுகிறார், இன்னொருவர் ஒவ்வொருவராக ஏற்றுகிறார்.

வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. என்னை மொட்டையாகப் பார்க்க முடியாது என்று உங்கள் தங்கை பட்டைக் கட்சி. காது முதல் காது வரை தழும்பா, கூடவே கூடாது என்று என் மகள் பொறுக்குக் கட்சி. கிருமிகளை எண்ணும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் அல்லவா, எதையும் ஒவ்வொன்றாகச் செய்தால்தான் அவளுக்குத் திருப்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் வாசலில் கிடந்த கயிற்று மிதியடியை என் தலையாகப் பாவித்து நிரூபிக்க இறங்கினார்கள். நடுவில் தேய்ந்து வழுக்கையாகிப்போன மிதியடி அது. உங்கள் தங்கை ஒரு ஓரத்தில் பட்டையாக வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தைக் கோணி ஊசியால் இழுத்துத் தைத்து, பட்டையை நடுவில் ஒட்டினாள். மகள் எதிர் ஓரத்திலிருந்து நாரை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பசை தொட்டு நட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மிதியடிக்கு ஓரமும் இல்லை, நடுவும் இல்லை. தைத்த இடம் சுருங்கி மேடாக எழும்பியிருந்ததில் நான்தான் கால் தடுக்கி, செருப்பு ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். "பாத்தீங்களா? பட்டைன்னா இப்படித்தான்!" என்றாள் மகள். பொறுக்குக் கட்சி வெற்றி பெற்றது.

குறித்த நாளில் போய் உட்கார்ந்தேன். நர்ஸ் மிஷினால் மழித்துக்கொண்டே வந்தவர், பின்னந்தலையில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். மிஷின் சத்தம் நின்றது.

"சார், இந்த மச்சம் எப்ப இருந்து இருக்கு?"

"எனக்குப் பின்னாடி கண்ணு இல்லையேம்மா."

அவர் சிரிக்கவில்லை. மச்சான், நர்ஸ்மார் சிரிக்காதபோதுதான் மனிதனுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரிகிறது. டாக்டரம்மா வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஓரம் ஒழுங்காக இல்லை, நிறமும் ஒரே மாதிரி இல்லை, இன்றைக்கு முடி வேண்டாம், முதலில் இதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம், முடிவு வர எட்டு நாள் ஆகும் என்றார். மரத்துப்போக ஊசி, சின்னதாக ஒரு வெட்டு, மூன்று தையல். போனது முடி நட; வந்தது மொட்டைத் தலையும் கட்டுமாக. படிக்கட்டில் எதிர்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சுதா சார்? எப்ப முளைக்கும்?" என்றார். "எட்டு நாள்ல தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த எட்டு நாளை எப்படி எழுதுவது? உங்கள் தங்கை என்னோடு சண்டை போடவில்லை. ஒன்றுக்குமே போடவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன், எடுத்துக் காயவைத்தாள். அழுக்கு பூட்ஸோடு சமையலறைக்குள் நுழைந்தேன், பேசாமல் தரையைத் துடைத்தாள். டி.வி. ரிமோட்டைத் தானாகவே என் கையில் கொடுத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் நடக்காதது இது. டாக்டர் தனியாகக் கூப்பிட்டு இவளிடம் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். காய்ச்சல் இருக்கிறதா பார்க்கிறேன் என்று அடிக்கடி உள்ளங்கையை என் மொட்டைத் தலையில் வைப்பாள். காய்ச்சலை நெற்றியில்தானே பார்ப்பார்கள், நான் கேட்கவில்லை. மகள் கதவைச் சாத்திக்கொண்டு புற்றுநோயைப் பற்றி எதையெதையோ படித்துவிட்டுக் கண் சிவந்து வெளியே வருவாள். வேலை இடத்திலாவது நிம்மதி உண்டா என்றால், எங்கள் குழுவில் 'வாய்வண்டி' என்று ஒருவன், விஷயம் தெரியாமல், "உனக்கென்னண்ணே, அரை நாள் லீவு கேட்டா முழு நாள் குடுக்குறாங்க. உனக்குத் தலையில மச்சம்!" என்றான். கையில் இருந்த ஸ்பானர் நழுவி என் கால்மேலேயே விழுந்தது. நீங்கள் போன் செய்தது அன்றைக்குத்தான். உங்களிடம் சொல்லக்கூடாது, நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்பது உங்கள் தங்கையின் கட்டளை.

எட்டாம் நாள் பதினொன்றரை மணிக்கு நான் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல், நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறேன். போன் அடித்தது. டாக்டரம்மா. அந்தக் கிணறு மாதிரி இடத்தில் சிக்னல் எங்கே இருக்கிறது? "ரிப்போர்ட் வந்திருச்சு சார்... ஒண்ணும்..." என்றது, அறுந்துவிட்டது. ஒண்ணும் என்றால் என்ன மச்சான்? ஒண்ணும் இல்லையா? ஒண்ணும் பண்ண முடியாதா? ஒண்ணும் சொல்றதுக்கில்லையா? நம் மொழியில் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை வாசல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கூரைமேல் ஆள் இருந்தால் லிஃப்ட் ஆமை வேகத்தில்தான் போகும். பாதுகாப்புக்காக அப்படி வைத்ததே நான்தான். ஐந்து, ஆறு, ஏழு என்று ஒவ்வொரு மாடியும் ஒரு வருடம் மாதிரி ஏறியது. மொட்டைமாடிக்கு வந்து திரும்ப அழைத்தேன். நர்ஸ் எடுத்து, "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு ஏதோ பாட்டைப் போட்டுவிட்டார். பாதிப் பாட்டு கேட்டேன். பிறகு டாக்டரம்மா வந்தார்.

"ஒண்ணும் இல்ல சார். சாதா மச்சம்தான். முழுசா எடுத்தாச்சு. நிம்மதியா இருங்க."

தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். சற்றுக் கழித்து உங்கள் தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். "குக்கர் சத்தம் போடுது, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். குக்கர் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுததாக மகள் பிறகு சொன்னாள். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய், நினைப்பில்லாமல் பூட்ஸோடு உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள்! "எத்தனை தடவை சொல்றது? இது வீடா, கராஜா? எட்டு நாளா எல்லாத்தையும் பொறுத்துப் பொறுத்துப் போனா, தலைமேல ஏறி உக்காந்துக்குவீங்களா?" என்று இரவுச் சாப்பாடு வரை ஓயவில்லை. அவ்வளவு இனிமையாக நான் திட்டு வாங்கியதே இல்லை. நடுவில் கொஞ்சம் நின்றால்கூட, துண்டைக் கட்டிலில் போட்டு மறுபடி தொடங்கிவைத்தேன்.

ஆகவே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: பட்டையும் வேண்டாம், பொறுக்கும் வேண்டாம். மயிரிழையில் தப்பினேன் என்று எழுத ஆசைதான். இழைக்கு எங்கே போவேன்? போனால் போகட்டும் என்பதற்கு முன்னால் கோபத்தில் ஒரு சொல் சேர்த்துச் சொல்வோமே, அது எனக்குப் பொருந்துவதுபோல் வேறு யாருக்கும் பொருந்தாது. இப்போது சீப்பு செலவு இல்லை, தலை துவட்டும் வேலை இல்லை, உங்கள் தங்கை போகிற போக்கில் மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறாள், அது நன்றாகவே இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அக்காவை வெளிச்சத்தில் உட்காரவைத்து உங்கள் பின்னந்தலையை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நமக்கு நாமே பார்த்துக்கொள்ள முடியாத இடம் அது. முடி விஷயத்தில் என் மனம் தெளிந்துவிட்டது. இனி எவன் என்ன சொன்னாலும் அசையமாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு வாழ்ந்து, நூறாண்டும் தலை நிறைய முடியோடு இருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
தெளிந்த மனதுடன்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: தபால் நிலையத்தில், உறையை ஒட்டும் முன் இதை எழுதுகிறேன். தபால்தலை வாங்க வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண், மிகவும் மரியாதையாக எழுந்து, "ஐயா, நீங்க ஏன் இங்க நிக்குறீங்க? பெரியவங்களுக்குத் தனி வரிசை அந்தப் பக்கம் இருக்கு" என்றாள். கூட்டம் குறைவாக இருந்ததால் அதிலேயே போய் நின்றேன். நிற்கும்போதே டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன். வியாழக்கிழமை காலை பத்து மணி. பொறுக்கு முறைதான். தலை ஏற்கெனவே பாதி தயாராக இருக்கிறது என்றார். உங்களுக்கும் சேர்த்துக் கேட்டு வைத்திருக்கிறேன். உங்கள் தங்கையிடம் மூச்சுவிட வேண்டாம்.